மரகத நகரின் சாகாத புல்

ஆழ்துளைக் கிணறு ஆயிரத்து இருநூறு அடி இறங்கியும் வெறும் புழுதியைக் கக்கின ஒரு கோடையில், இனி வாசலில் உயிருள்ள புல் கூடாது என்று நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடித் தீர்மானம் போட்டார்கள், போட்ட தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டார்கள், கட்டுப்பட்டதில் வந்ததுதான் இத்தனையும். அந்த இடத்துக்கு மரகத நகர் என்று பேர். அன்னூர் போகிற சாலையில் இறங்கி, மூடிப்போன மில்லின் மதிலோரமாகக் கொஞ்சம் நடந்தால் வரும். சுற்றிலும் ஆளுயரச் சுவர், உள்ளே ஒரே அச்சில் வார்த்த வீடுகள், போகவும் வரவும் ஒரே ஒரு இரும்பு வாசல்.

பத்தொன்பதாம் நம்பர் வீட்டில் துளசிமணியும் அவள் வீட்டுக்காரர் அவினாசியப்பனும் இருந்தார்கள். மகன் தோகாவில் வேலை பார்த்தான். மகள் மைதிலியைக் கோபியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவினாசியப்பன் முப்பத்து நாலு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வேலியை ஓரடி நகர்த்திப் போட்டவனையெல்லாம் பார்த்துப் பார்த்து, அளவில்லாத இடத்தில் தர்மமில்லை என்று நம்பிப் போனவர். அதனால் குடியிருப்போர் சங்கத்துக்கு அவரையே செயலாளர் ஆக்கினார்கள், விதிகளை எழுதும் வேலையும் அவர் தலையில் வந்து விழுந்தது, அவரும் அதைச் சந்தோஷமாகத்தான் தூக்கிக்கொண்டார்.

நான்காம் விதி இப்படி எழுதப்பட்டது: எல்லா வீட்டு முன்வாசலிலும் செயற்கைப் புல் விரிக்க வேண்டும், அதன் உயரம் முப்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, நிறம் சங்கம் தேர்ந்தெடுத்த மூன்றாம் நம்பர் பச்சை, ஓரம் சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி, அடியில் ஜல்லியும் மணலும், மண்ணில் வேர் விடுகிற எதுவும் முன்வாசலிலும் பின்வாசலிலும் கூடாது. எழுதியவரே முதலில் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டி எடுத்தார். துணி துவைக்கிற கல்லை ஒட்டி, சோப்புத் தண்ணியைக் குடித்துக்கொண்டே ஆறு வருஷமாகத் தளதளவென்று கிடந்த அருகம்புல்லை வேரோடு பெயர்த்துச் சாக்கில் கட்டினார். துளசிமணி அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையாருக்குப் போட அது ஒன்றுதான் இருந்தது என்று நாக்கு நுனி வரை வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணி இல்லாதபோது நம் சாமிக்கு மட்டும் என்ன என்று அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு வாசலுக்கு வருகிற பூக்காரியிடம் அருகம்புல் வாங்கினாள். வைகாசி மாசத்துச் சங்கடஹர சதுர்த்தியன்று பூக்காரி வரவில்லை. விளக்கேற்றும் நேரம் நெருங்கியது, கொழுக்கட்டை வெந்துவிட்டது, பிள்ளையார் மட்டும் மொட்டையாக உட்கார்ந்திருந்தார். மகள் வயிற்றில் பிள்ளை, அவளுக்காக எடுத்த விரதம், அதை அரைகுறையாக விட மனசு வருமா. துளசிமணி சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். குனிந்து, கணக்கு மாறாமல் இருபத்தோரு இணுக்குப் பிளாஸ்டிக் புல்லை நறுக்கி, மஞ்சள் தண்ணியில் அலசி, பிள்ளையார் தலையில் வைத்தாள்.

"சாமி, எங்க ஊர்ல இப்ப இதுதான் புல்லு. இதையும் புல்லுன்னே ஏத்துக்க" என்று கும்பிட்டாள்.

யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். ஏற்றுக்கொண்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலை அவினாசியப்பன் வழக்கம்போலப் பித்தளை அளவுகோலோடு வீடு வீடாகப் போனபோது பத்தொன்பதாம் நம்பர் புல் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் இருந்தது. கோல்தான் தேய்ந்துவிட்டது என்று நினைத்து வேறு கோல் கொண்டு வந்தார். மறுநாள் நாற்பத்து நாலு. பத்தொன்பதில் மட்டுமல்ல, இருபதிலும் அப்படித்தான், நாற்பத்தெட்டிலும் அப்படித்தான். வாரம் முடிவதற்குள் புல் கணுக்கால் ஏறியது. வெயிலுக்கு வாடாமல், காற்றுக்கு அசையாமல், பனியில் நனையாமல், மூன்றாம் நம்பர் பச்சையிலிருந்து இம்மி மாறாமல் ஏறியது. புல் விரித்துக் கொடுத்த கம்பெனிக்காரன் வந்து பார்த்தான், கையால் தடவினான், நிறம் மங்கினால் எட்டு வருஷம் உத்தரவாதம் உண்டு, வளர்ந்தால் உத்தரவாதம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளாட்டைப் பிடித்து வந்து விட்டார்கள். ஆடு முகர்ந்து பார்த்தது, கூட்டி வந்தவர்களை ஒரு பார்வை பார்த்தது, நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசி, நான்காம் விதியில் முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்று இருந்ததை முப்பத்தைந்துக்குக் குறையாமல் என்று திருத்தினார்கள். திருத்திய பிறகு எல்லோருக்கும் நெஞ்சுப் படபடப்பு அடங்கிற்று. விதிக்குள் வந்துவிட்ட காரியம் ஆபத்தில்லாத காரியம் என்பது அங்கே எல்லோருடைய எண்ணமாகவும் இருந்தது.

துளசிமணிக்கு மட்டும் அடங்கவில்லை. முதல் மூன்று மில்லிமீட்டரிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பிள்ளையார் தலையில் வைத்த பூவும் புல்லும் வாடினால் மறுநாள் எடுப்பது வழக்கம். இது வாடவே இல்லை, எனவே அவளும் எடுக்கவில்லை, அது அங்கேயே பச்சைப் பசேலென்று கொலுவிருந்தது. பதறிப்போய் எடுத்தாள். கிணற்றில் போடக் கிணறு இல்லை, மரத்தடியில் வைக்க மரம் இல்லை, செம்புத் தண்ணியில் போட்டு மூடி வைத்துவிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று தோப்புக்கரணம் போட்டாள், மூட்டுவலியோடு இருபத்தோரு தோப்புக்கரணம். புல் நிற்கவில்லை. அவள் கொடுத்ததை அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள், அவர் கொடுத்ததை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாசம் புல் சுவர் ஏறியது. சுவருக்கு வெளிப்புறமும் இறங்கி, கண்ணாடிச் சில்லு பதித்த உச்சியையெல்லாம் மெத்தைபோல மூடியது. ஆனி இருபத்தாறாம் தேதி காலை பால்காரர் வந்து பார்த்தபோது இரும்பு வாசலின் இரண்டு கதவுகளிலிருந்தும் வளர்ந்த புல் விரலோடு விரல் கோத்தது மாதிரிப் பின்னிக்கிடந்தது. அவர் பால் பாக்கெட்டுகளைச் சுவருக்கு மேலே ஒவ்வொன்றாக வீசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

இருபத்தெட்டாம் தேதிதான் மைதிலியை அழைத்து வர நாள் பார்த்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து, அறையை வெள்ளையடித்து, பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்துத் துணி மடித்து வைத்திருந்தாள் துளசிமணி. மைதிலிக்கு மாமியார் இல்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளை பிரகதீஷ் தங்கமான பையன், ஆனால் மில்லில் ஷிப்டு வேலை, வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் பாவம் என்ன தெரியும். நிறைமாசக்காரியை அந்தப் புல்லுக்குள் நுழைத்து உள்ளே கொண்டு வருவது ஆகாத காரியம். அப்படியானால் தாய் வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் துளசிமணிக்கு வேண்டியிருந்தது. மகள் வலி எடுத்துக் கத்துகிறபோது பிடித்துக்கொள்ள அவள் கை அங்கே இருக்க வேண்டும்.

வெளியே போவதுதான் லேசில்லை. நாற்பதாம் நம்பர் வீட்டுக்காரர் ஏணி வைத்துச் சுவரைத் தாண்டப் பார்த்தார். உச்சியில் கால் வைத்ததும் புல் அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டது. வலிக்கவில்லை, விடவுமில்லை. இரண்டு நாள் அவர் அங்கேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழிருந்து கம்பில் கட்டி இட்லி அனுப்பினார்கள், அவரும் மேலே இருந்தபடி சாலையில் என்ன பஸ் போகிறது என்று எல்லோருக்கும் சொன்னார், மூன்றாம் நாள் அதுவாகவே விட்டது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் போனது, அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: தாங்கள் குறிப்பிடுவது மரமா, பயிரா, கட்டுமானமா என்று தெரிவித்தால் உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்படும். சங்கம் கூடிப் பேசியது. வளர்வதால் மரம் என்றார் ஒருவர், விதைக்காததால் பயிர் இல்லை என்றார் இன்னொருவர், பசை போட்டு ஒட்டியதால் கட்டுமானமே என்று மூன்றாமவர் சாதித்தார். அந்தப் பதில் இன்னும் போகவில்லை.

புல்வெட்டும் மிஷின் நாலே நாளில் பல் மழுங்கி உட்கார்ந்தது. அவினாசியப்பன் பரணிலிருந்து கொடுவாளை இறக்கினார். அளவைக் காலத்தில் முள்காட்டுக்குள் சங்கிலி இழுக்க வழி வெட்டிய கொடுவாள். அதற்குப் புல் வெட்டுப்பட்டது, ஆனால் அதைச் சாய்த்து வீசத் தெரிந்த கை மரகத நகரில் அவருடையது ஒன்றுதான், மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிறவர்கள். அவர் வெட்டிக்கொண்டே முன்னே போவார், பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒரு ஆள் போகலாம், அந்த ஆளுக்குப் பின்னால் பால் பொங்குகிற நேரத்துக்குள் புல் மூடிக்கொள்ளும். ஆளை வெளியே விட்டுவிட்டு, அவர் திரும்ப வெட்டிக்கொண்டு உள்ளே வருவார். நாளுக்கு ஒரு தடவை, போகவும் வரவுமாக வெட்டினால் புல்லின் கனம் ஒரு சாண் கூடும். ஒரே நாளில் இரண்டு தடவை வெட்டினால் நாலு சாண் கூடும். அது இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று, காவல்காரர் கொட்டகையைப் புல் விழுங்கியது அன்றைக்குத்தான்.

ஆகவே பதினோராம் விதி வந்தது. ஆடி அஞ்சாம் தேதி தொடங்கி, காலை ஆறு மணிக்கு, நாளுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள், வீட்டு நம்பர் வரிசைப்படி. போனவர் மறுநாள் காலை புல்லுக்கு வெளியே வந்து நின்று, அடுத்த ஆளை விட வருகிற செயலாளரோடு உள்ளே வந்துவிட வேண்டும். முறையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளில் இரண்டாம் தடவை வெட்டக் கூடாது. மீறினால் அந்த வீட்டு முறை பட்டியலின் கடைசிக்குப் போகும். வீட்டில் மற்றவர்கள் உள்ளே இருப்பதால் போனவர்கள் எல்லோரும் தவறாமல் திரும்பி வந்தார்கள், கையில் மருந்தும் வெற்றிலையும் கறிவேப்பிலையுமாக.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஜனங்களுக்கு அது பழகிவிட்டது. திருட்டுப் பயம் இல்லை, வேண்டாத விருந்தாளி இல்லை, வேலை வீட்டிலிருந்தே நடக்கிறது, பிள்ளைகளுக்குப் பாடம் செல்போனில் வருகிறது. பெண்கள் சாயங்காலம் புல்லில் நடந்துகொண்டே இது வந்த பிறகு தூசி குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். முறை வந்த வீட்டுக்கு முந்தின நாளே மற்ற வீட்டார் போய்க் காதோடு காதாக எனக்கு இது, எனக்கு அது என்று சொல்லி வைத்தார்கள், போய் வந்தவரை யாத்திரை போய் வந்தவரைப் போலச் சுற்றி உட்கார்ந்து, வெளியே மழை பெய்ததா, தக்காளி நன்றாக இருந்ததா என்று கேட்டார்கள். சிறை என்று யாரும் சொல்லவில்லை. முறை என்றார்கள்.

பத்தொன்பதாம் நம்பருக்கு முறை ஆடி இருபத்து மூன்று. மைதிலிக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் ஆடி பதினெட்டு. நடுவில் அஞ்சே நாள். துளசிமணி அந்த அஞ்சு நாளை நாள்காட்டியில் விரலால் தடவித் தடவித் தாள் பிசுபிசுத்துப் போயிற்று.

பன்னிரண்டாம் நம்பர் ரெஜினா டீச்சர், எதிர் வரிசைக்காரர், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம், ஒரு நாள் மத்தியானம் வந்து சோபாவில் அமர்ந்தார். "அக்கா, எம் முறை பதினாறாந்தேதி வருது. நீங்க போங்க, திரும்பி வர்றதைப் புள்ள பொறந்தப்புறம் பாத்துக்கலாம். நான் எங்க போகப் போறேன், பல்லைக் காட்டலாம்னு இருந்தேன், பல் டாக்டரே ஒண்ணாம் நம்பர் வீட்ல சும்மா உக்காந்திருக்காரு" என்றார். பல் டாக்டர் கோவர்த்தனன்தான் சங்கத் தலைவர்.

துளசிமணி வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். அவர் விதிப் புத்தகத்தை எடுக்கக்கூட இல்லை, மனப்பாடம். முறையைக் கைமாற்றக் கூடாது என்று எழுதினது தானே என்றும், பட்டியல் போட்ட அன்றைக்கே மூணாம் நம்பரும் ஆறாம் நம்பரும் மாற்றிக்கொள்ளப் போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டதால்தான் எழுதினது என்றும், ஊருக்கு ஒரு அளவு தன் வீட்டுக்கு ஒரு அளவு என்று பிடித்தால் முப்பத்து நாலு வருஷம் பிடித்த சங்கிலிக்கு என்ன மரியாதை என்றும் நிதானமாகச் சொன்னார். ரெஜினா டீச்சர் எழுந்து, "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அக்காவுக்கு நேரா மோட்சந்தான் சார். அங்கயாவது கேட்டைத் தொறந்து வெச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் மேல் துளசிமணிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டால் பதிலுக்குத் தன் குற்றத்தை எடுத்துச் சொல்ல வேண்டி வருமோ என்று பயம்தான் வந்தது. எல்லோரையும் உள்ளே வைத்துப் பூட்டியவள் நான், எந்த வாயோடு எனக்கு மட்டும் திற என்று கேட்பேன் என்று அடுப்படியில் நின்று பிள்ளையாரிடம் கேட்பாள். அவர் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குள்ளும் புல் வந்துவிட்டது, வாசற்படி தாண்டிக் கூடம் வரை. இராகு காலம் எமகண்டம் பார்த்து உள்ளே வெளியே போன வீட்டில் இப்போது எந்த நேரத்திலும் போக வழி இல்லை. மூச்சு விடும்போதுகூட அந்தப் பச்சை தன்னை அளந்து பார்க்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. தினம் காலையும் மாலையும் மைதிலி போன் செய்வாள். "எப்பம்மா வருவே?" என்பது ஒன்றுதான் கேள்வி. வந்துருவேன் கண்ணு என்பது ஒன்றுதான் பதில்.

ஆடி பதினாலாம் தேதி காலை ஆறு மணிக்குப் பத்தாம் நம்பர் வீட்டுக்காரரை வெளியே விட்டுவிட்டு, சட்டை முழுக்கப் பச்சைத் தூளோடு அவினாசியப்பன் வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஏழே காலுக்குப் போன் வந்தது. மைதிலி இல்லை, மாப்பிள்ளை. பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, வலி விட்டு விட்டு வருகிறது, அத்தை எங்கே அத்தை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். தன்னைத்தான் அத்தை என்கிறான், மகள் கேட்பது அம்மாவை என்று துளசிமணி விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் ஆயிற்று.

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நான் போகோணும்."

அவர் டம்ளரைப் பார்த்தார். இன்றைக்கு ஒரு தடவை வெட்டியாகிவிட்டது, இன்னொரு தடவை வெட்டினால் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் நாலு சாண் கூடும், நாளைக் காலை ஆறு மணி வரை பொறுத்தால் தலைவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் சங்கிலி இழுக்கிற மாதிரி இழுபட்டது.

துளசிமணி புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வைகாசியில் கத்தரிக்கோலோடு வாசலுக்குப் போனதிலிருந்து தோப்புக்கரணம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். அழவில்லை. முடித்துவிட்டு, "இந்த ஊரைப் பூட்டினது நானுங்க. அதனால எனக்குன்னு ஒண்ணும் கேக்க வாயில்லீங்க. ஆனா அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?" என்றாள்.

அவினாசியப்பன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சிரிப்பாரோ, திட்டுவாரோ, பைத்தியம் என்பாரோ என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து பின்வாசலுக்குப் போனார், துவைக்கிற கல்லையும் அதன் ஓரத்துக் காய்ந்த மண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நீ நறுக்கினது இருபத்தோரு இணுக்கு. நான் பேத்தது ஒரு சாக்கு" என்றார். "வா."

இரும்பு வாசலுக்கு அவர்கள் போய்ச் சேருவதற்குள் ஜனம் கூடிவிட்டது. கொடுவாளை ஏழரை மணிக்குக் கையில் பார்த்தால் கூடாமல் என்ன செய்யும். கோவர்த்தனன் மேல்மாடியிலிருந்தே, சார், ரெண்டாவது வெட்டு, யோசிச்சுச் செய்ங்க என்று குரல் கொடுத்தார். அவரும் கெட்டவரில்லை, அவர் வீட்டிலும் படுக்கையில் ஒரு தகப்பனார் இருந்தார், நாலு சாண் என்றால் அவருக்கு மருந்து நாலு சாண் தூரம் போகும். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் வழியும் விடவில்லை. அவினாசியப்பன் அவர்களைப் பார்த்து, என் மகளுக்கு வலி எடுத்துருச்சு, நான் விதியை மீறப் போறேன், இப்பவே மினிட் நோட்டுல எழுதிக்கோங்க என்று அலுவலகத்தில் பேசுகிற குரலில் சொன்னார். ரெஜினா டீச்சர் முன்னால் வந்து, துளசிமணி கையில் ஒரு பிளாஸ்க் வெந்நீரைக் கொடுத்து, கூட்டத்தை நோக்கித் திரும்பி நின்றுகொண்டார். "இங்க நிக்கிற அத்தன பேரும் ஒருத்தி பெத்துத்தான் வந்தோம். நகருங்க கொஞ்சம்."

நகர்ந்தார்கள்.

பத்துச் சாண் புல். சும்மா பார்த்தால் ஏழெட்டு அடிதான், ஆனால் உள்ளே போனவர்களுக்குத்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும். அவர் வலது பக்கம் சாய்த்து ஒரு வீச்சு, இடது பக்கம் சாய்த்து ஒரு வீச்சு, அரையடி முன்னே வைப்பார், அவள் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு அரையடி வைப்பாள், அவள் குதிகாலை உரசிக்கொண்டு புல் பின்னால் மூடும். காலையில் ஒரு தடவை வெட்டுப்பட்டதால் வழக்கத்தைவிட வேகமாக மூடியது. முன்னாலும் பச்சை, பின்னாலும் பச்சை, தலைக்கு மேலும் பச்சை, சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, ஊர்ச் சத்தம் நின்றுபோயிற்று. மண் வாசனை இல்லாத, இலை வாசனை இல்லாத, புதுச் செருப்புக் கடை வாசனை. பாதி தூரத்தில் அவர் கை நின்றது. மூச்சு வாங்கினார். அறுபத்து மூணு வயசு, காலையில் ஏற்கெனவே போகவும் வரவும் வெட்டிய கை. புல் அவள் புடவையைப் பிடித்தது, இடுப்பைச் சுற்றியது, தோளுக்கு வந்தது, நாற்பதாம் நம்பர்க்காரர் சொன்னது மெய்தான், அது வலிக்கவே இல்லை, இப்படியே நின்றுவிட்டால்கூட என்ன என்று தோன்றும்படி மெத்தென்று இருந்தது. சாமியைக் கூப்பிட நினைத்தாள். ஆயுசு முழுக்கக் கூப்பிட்ட பேர் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அவர் முதுகில் கையை வைத்தாள், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. ஈரமான சட்டைக்குள் முதுகெலும்பு தட்டுப்பட்டது.

"அளந்து சொல்லு" என்றார் அவர்.

அவளுக்கு விளங்கவில்லை.

"எத்தனை சாண் வந்திருக்கோம். நீ சொன்னாத்தான் கை ஓடும்."

"ஆறுங்க" என்றாள், குத்துமதிப்பாக. அவர் வீசினார். "ஆறரை." வீசினார். "ஏழு." ஏழிலிருந்து பத்து வரைக்கும் அவள் சொன்ன எண்கள்தான் அன்றைக்கு அவள் செய்த ஜபம். பத்து என்று அவள் சொன்ன இடத்தில் பத்து முடியவில்லை, இன்னும் ஒன்றரைச் சாண் இருந்தது, அவள் கணக்குத் தப்பென்று தெரிந்தும் அவர் திருத்தாமல் வீசினார், திடீரென்று கண் கூசியது.

ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவு ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை, ஒரு மொபெட், காய்ந்த வேலிமுள், புழுதி. அவள் முதலில் வெளியே போய் விழுந்தாள். எழுந்து திரும்பி, அவருக்குக் கையை நீட்டினாள்.

"நீங்களும் வந்துருங்க. மகளைப் பாத்துட்டு வந்தரலாம்."

அவர் ஓட்டைக்குள் நின்றபடி சாலையைப் பார்த்தார். வெளிக்காற்று அவர் முகத்தில் பட்டதும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நாளைக்குப் பதினொண்ணாம் நம்பருக்கு யார் வெட்டுவா? இப்ப நாலு சாண் வேற கூட்டி வெச்சிருக்கேன்."

அவள் இன்னொரு வார்த்தை சொல்வதற்குள் ஓட்டை தாம்பாளம் அளவாயிற்று, டம்ளர் அளவாயிற்று, அவர் கண் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. உள்ளே கொடுவாள் வீசுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் தூரமாகிக்கொண்டே போனது. துளசிமணிக்குச் செருப்பு உள்ளேயே போய்விட்டது. வெறுங்காலோடு பஸ் ஏறினாள்.

கோபி ஆஸ்பத்திரியில் அவள் பின்கட்டுக் குழாயடியில் காலைக் கழுவினாள், விரல் இடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து மூன்று தடவை கழுவினாள், பிறகுதான் உள்ளே போனாள். மைதிலி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மத்தியானம் ஒன்றே முக்கால் வரை விடவில்லை. அந்த மணிக்கட்டில் நாலு விரல் தடம் கன்றிப்போய்ச் சிவந்து கிடந்தது, வளையலுக்கு மேலே இன்னொரு வளையல் மாதிரி, துளசிமணி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், ஜென்மத்தில் வேறு நகை வேண்டாம் என்று இருந்தது.

பெண் குழந்தை. துடைத்துக் கையில் கொடுத்த பிறகு போன் போட்டாள்.

"எத்தனை கிலோ?" என்றார் அவர். அளவு கேட்காமல் அவரால் எப்படி இருக்க முடியும். சொன்னாள். நீளம் கேட்டார், அதையும் சொன்னாள். மைதிலி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், தூங்குகிறாள் என்றாள். அங்கே என்ன ஆயிற்று என்று அவளாகவே கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள், ரெஜினா டீச்சர் ரசம் கொடுத்துவிட்டார் என்றார். பட்டியலைத் திருத்தி எழுதிவிட்டதாகவும், தன் கையாலேயே பத்தொன்பதை அடித்துவிட்டு நாற்பத்தெட்டுக்குக் கீழே எழுதியதாகவும், கோவர்த்தனன் வேண்டாம் சார் விடுங்க என்று சொல்லியும் எழுதியதாகவும் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் முறை ஆவணி இருபதுக்கு மேல் வருகிறது.

துளசிமணி மடியில் குழந்தையோடு கணக்குப் போட்டாள். அவளுக்குப் படிப்பு எட்டாவதுதான், ஆனால் இந்தக் கணக்குக்கு அது போதும். நாளுக்கு ஒரு சாண். இன்றைக்கு நாலு. ஆவணி இருபதில் ஐம்பது சாணுக்கு மேல் ஆகிவிடும். எல்லோரையும் போகவும் வரவும் வெட்டி வெட்டி விட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கை மிஞ்சியிருக்க வேண்டும்.

"ஏனுங்க" என்றாள், "எல்லாத்துக்கும் நீங்க வெட்டறீங்க. உங்க முறை வர்றப்ப கை ஓஞ்சிருந்தா உங்களுக்கு யார் வெட்டுவாங்க?"

"அன்னிக்கு ஐம்பத்தோரு சாண் இருக்கும்" என்றார் அவர். அளந்து பார்த்திருக்கிறார், ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

குழந்தை கொட்டாவி விட்டது. துளசிமணி அதன் தலையை இடது முழங்கையில் ஏற்றி வைத்துக்கொண்டு, வலது கையை விரித்து மூடிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பொழுது விடிந்ததும் மாட்டுக்கு ரெண்டு பாத்திச் சோளத்தட்டு அறுத்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவாள், அந்தக் கைதான் இது. மரகத நகரில் அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வெளியிலிருந்து வெட்டக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று நினைத்துப் பார்த்து எழுத யாருக்கும் தோன்றவில்லை.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லி இங்க பட்டறையில ஒரு கொடுவாள் அடிக்கச் சொல்றனுங்க" என்றாள். "அன்னிக்கு நீங்க அந்தப் பக்கமிருந்து வாங்க. நான் இந்தப் பக்கமிருந்து வாறன்."